மூடியில் வந்த எருமை

மார்ச் 3

மதிப்புக்குரிய உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு,

ஊர் மாறிப் போன பதினோரு நாளில் என்னை இருபத்து மூன்று தடவை போனில் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. இனிமேலும் எடுப்பதாக இல்லை. எதையும் எழுத்து மூலம் தெரிவிப்பதுதானே உங்கள் வழக்கம்? அப்படியே நாமும் வைத்துக்கொள்வோம். உங்கள் மனைவிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள்.

நடந்ததை முதலில் நான் பதிவு செய்துவிடுகிறேன். ஒன்பது வருஷமாக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் தயிர் போட்டு விற்கிறேன். அந்தத் தயிரைத்தான் தினமும் டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனீர்கள். மூடியில் 'சுத்தமான பசும்பால் தயிர்' என்று அச்சடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஆறு மாதமாக நான் எருமைப்பாலும் வாங்குவது உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் ஒரு நாள், வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நேராகப் போய் உங்கள் மேலதிகாரி அம்மாளிடம், 'என் மனைவியின் மூடியில் இருப்பது உண்மையல்ல' என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

நோட்டீஸ் வந்ததற்கு எனக்குக் கோபமில்லை. சட்டம் என்றால் நோட்டீஸ் வரத்தான் செய்யும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், அந்த மூடியை மாற்றிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நோட்டீஸ் கொண்டுவந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. நம் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவர், பாவம்.

மனைவி தயிர் விற்கும் ஊரில் கணவர் அதிகாரியாக இருக்கக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. உங்களைத் தூக்கி வேறு ஊரில் போட்டார்கள். நீங்கள் கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. கொட்டகையில் உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி விசாரணை. நான் விடுவதாக இல்லை. அத்தையும் என் பக்கம். பெற்ற தாயே எதிர்க்கட்சி என்றால் உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர், தயிர்க் கொட்டகை

&nbsp;

மார்ச் 7

அன்புள்ள கடுகுக்கு,

இந்தப் பெயரில் கூப்பிடக் கூடாதென்று நீ இன்னும் எழுத்து மூலம் தடை விதிக்கவில்லை. அதனால் கூப்பிடுகிறேன்.

நான் உன்னிடம் சொல்லவில்லை என்கிறாய். சொன்னேன், என் பாணியில். சட்டப் புத்தகத்தில் பால் பொருள்களுக்கான பக்கத்தைத் திறந்து, பென்சிலால் கோடு போட்டு, சாப்பாட்டு மேஜையில் உன் கண்ணில் படும்படி நாலு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நீ அதன்மேல் சூடான பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாய். நாற்பத்தோராம் பக்கத்தில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. இங்கே எடுத்து வந்திருக்கிறேன், வேண்டுமானால் சாட்சியாகத் தாக்கல் செய்கிறேன்.

சரி, இது சாக்குதான். மேஜையில் புத்தகத்தை வைப்பது சொல்வதாகுமா? ஊரில் இருக்கும் கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்கிறவன், உன் முகத்துக்கு நேரே வாய் திறக்கப் பயந்தேன்.

டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் என் சமையல் வாசனை. எது மேல் என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. நேற்று கடையில் தயிர் வாங்கினேன். டப்பாவில் தயிர் என்று எழுதியிருந்தது. அளவு, தேதி, உரிம எண் எல்லாம் சரியாக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வைத்த பிறகுதான் வீட்டை விட்டு வந்துவிட்டேன் என்பதே எனக்கு உறைத்தது.

நீ இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை, கடுகு. இதைச் சொல்லத்தான் அந்த இருபத்து மூன்று தடவையும்.

அன்புடன்,
தகவல் கொடுத்தவன்

&nbsp;

மார்ச் 12

ஐயா,

உங்கள் சோகக் கதையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். உப்பு அளவாகப் போடச் சொன்னார். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை முடியும்வரை எருமைப்பாலை நிறுத்திவிட்டேன். பசும்பாலில் மட்டும் உறை ஊற்றுகிறேன். வெயில் காலத்தில் மாடு கறப்பது குறைவு, கறக்கிற பாலும் நீர்த்துக் கிடக்கிறது. தயிர் கரண்டியில் நிற்காமல் ஓடுகிறது. நேற்று ஒரு வாடிக்கையாளர், இதைக் குடிப்பதா சாப்பிடுவதா என்று கேட்டார். எருமைக்காரரின் பால் டீக்கடைக்குப் போகிறது. அந்த மனிதர் தினமும் நம் வாசல் வழியாகத்தான் போகிறார். கேனைத் தட்டிக்கொண்டே, கேட்டைப் பார்த்துக்கொண்டே போகிறார். எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் நான் வாங்கிய தொண்ணூற்றெட்டு மார்க் வீண்போகவில்லை. பசும்புல் என்றால் பசு தின்னும் புல்லா? பச்சைப் புல். பசும்பொன் என்றால் பசு போட்டுக்கொள்ளும் நகையா? அதே கணக்குத்தான். பசுமையோடு பால் சேர்ந்தால் ஈறு போய், இனம் மிகுந்து, பசும்பால். பசுமையான பால், அதாவது அன்று கறந்த புதுப் பால். எருமையும் அன்றுதான் கறக்கிறது. என் மூடியில் பொய் எங்கே இருக்கிறது?

விசாரணையில் இதைத்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் இப்போது வேறு ஊர் அதிகாரி. அதனால் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இலக்கணப்படி நான் சொல்வது சரியா, தவறா? ஒற்றை வார்த்தையில் பதில் தேவை.

இப்படிக்கு,
கடுகு
(பெயரைத் தடை செய்வது பரிசீலனையில் இருக்கிறது)

&nbsp;

மார்ச் 16

என் அன்புக் கடுகுக்கு,

சரி.

ஒற்றை வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி என் சந்தேகத்துக்கு நீ பதில் சொல். மூடியில் கழுத்து மணியோடு ஒரு வெள்ளைப் பசு நின்று சிரிக்கிறதே, அது என்ன பண்புத்தொகை?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு எருமையை இலக்கணத்தில் மறைத்தவள் நீ ஒருத்திதான். எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

போன வாரம் இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கிக்குப் போனோம். வெண்ணெய் என்று அச்சிட்ட பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. உள்ளே ஒரு துளி பால் கிடையாது. சமையல் எண்ணெயைக் கெட்டியாக்கி, மஞ்சள் நிறம் சேர்த்து, வாசனையும் போட்டிருந்தார்கள். மாதிரி எடுத்து சீல் வைத்தோம். "பேருல என்ன சார் இருக்கு, சாப்பிட்டா செத்தா போயிடுவாங்க?" என்று முதலாளி கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர் டப்பாவைத் திறந்து நக்கிப் பார்க்க முடியாது. மூடியைத்தான் படிக்க முடியும். அந்த மூடியை நம்பித்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்கு ஊட்டுகிறார்.

நீ அந்த ஆளைப் போன்றவள் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டாய், பவுடர் போட மாட்டாய், பால்மானியைக் காட்டாமல் ஒரு கேனைக்கூட உள்ளே விட மாட்டாய். அவ்வளவு சுத்தமான தயிருக்கு மேலே ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அதை முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். காலையில் உன்னிடம் சொல்லிவிட்டு, மதியம் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தால் எந்தச் சட்டமும் என்னைத் தடுத்திருக்காது. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

அன்புடன்,
உன் கணவன்

&nbsp;

ஏப்ரல் 4

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. உட்கார்ந்து படியுங்கள், பெரிய கதை.

நானும் எருமைக்காரரும் போனோம். சாட்சி வேண்டுமென்று அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தோய்த்துத் தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். உங்கள் மேலதிகாரி அம்மாள் நான் கொண்டுபோன மூடியை மேஜையில் வைத்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் பசும்புல்லில் ஆரம்பித்துப் பசும்பொன்னுக்குப் போய்ப் பசும்பாலில் முடித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லையாம். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியில் இருந்த பசுவின் மேல் விரலை வைத்தார். நீங்கள் கேட்ட அதே கேள்வி. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?

அதற்குப் பிறகு நிதானமாக ஒன்று கேட்டார். "எருமைன்னு எழுத உங்களுக்கு என்னம்மா வெட்கம்?"

நான் உண்மையைச் சொன்னேன். சின்ன வயதில் தாமதமாக எழுந்தால் எருமை, சொன்னது காதில் விழாவிட்டால் எருமை, எதையாவது இடித்துக்கொண்டால் எருமை. திட்டுவதற்கு வைத்திருக்கிற வார்த்தையை மூடியில் போட்டால் யார் வாங்குவார்கள் என்றேன். சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்த்தால் எருமைக்காரர் எழுந்து நிற்கிறார். அவர் இருப்பதையே மறந்து பேசிவிட்டேன்.

"அம்மா, முப்பது வருஷமா பால் ஊத்துறேன்" என்றார். "எங்க போனாலும் என் பாலு பசும்பால்ங்கற பேருலதான் விக்குது. தயிர் கெட்டியா இருந்தா பசுவுக்குப் பாராட்டு. என் மாடு பேரை யாரும் ஒரு நாளும் சொன்னதில்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, போட்டுவிட்டு வந்தேன். பழைய மூடிகளை அழிக்க வேண்டும், புது மூடிக்கு ஒப்புதல் வாங்கிய பிறகு விற்கலாம். அவ்வளவுதான் உத்தரவு.

வெளியே வந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போனேன். பெரிய எழுத்தில் 'எருமைப்பால் தயிர்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் மூன்று தடவை படித்துவிட்டு, யாராவது விளையாடுகிறார்களா என்று கேட்டார். படத்துக்கு எருமைக்காரர் தன் மாடுகளில் அழகானதைக் குளிப்பாட்டி நிற்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அழகானது எது என்பதில் அவருக்கும் அவர் மனைவிக்கும் சண்டையாம்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் இன்னும் யோசிக்கவில்லை.

இப்படிக்கு,
கடுகு

&nbsp;

ஏப்ரல் 8

என் கடுகுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர், வீட்டில் சமாதானமா என்று கேட்டார். விசாரணை நிலுவையில் இருக்கிறது என்றேன்.

தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். தேதி மட்டும் சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறையில் சுவரைத் தவிர பேச யாருமில்லை.

புது மூடி வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு.

உன் கணவன்

&nbsp;

ஏப்ரல் 22

அன்புள்ள உங்களுக்கு,

இத்துடன் மூடி ஒன்று. கழுவித் துடைத்திருக்கிறேன், தைரியமாகத் தொடலாம்.

எப்படி இருக்கிறது என் எருமை? எருமைக்காரரின் மனைவி சொன்ன மாடுதான் ஜெயித்தது. அத்தை மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் பையன் படத்தை எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. அந்த மாட்டின் மேல் மழை பெய்தாலும் அசையாது என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் இப்போது கொஞ்சம் அசைகிறீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

வியாபாரத்தைக் கேளுங்கள். நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. முதல் நாள் கடைக்காரர்கள் மூடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாம் நாள் பிள்ளைகள் அம்மாக்களை இழுத்துக்கொண்டு வந்து எருமைத் தயிர் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். இப்போது மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. எருமைக்காரர் தன் மனைவியை அழைத்துவந்து கடை அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களைக் காட்டினார். இரண்டு பேரும் எதுவும் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை வேலை பழையபடி ஓடுகிறது. ஐந்து மணிக்குப் பால்காரம்மா இரண்டு கேன் பசும்பால் கொண்டுவருகிறார். ஐந்தரைக்கு எருமைக்காரரின் நாலு கேன். இரண்டையும் ஒன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, உறை ஊற்றி, கப்பில் நிரப்பி மூடினால் மாலைக்குள் கெட்டியாகிவிடும், மறுநாள் காலை கடைக்குப் போகும். மூடி ஒட்டும் மெஷினில் இருக்கும் அக்கா எருமைப் படத்துக்கு ஒவ்வொரு தடவையும் வணக்கம் வைக்கிறார்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அத்தை கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

உங்கள் கடுகு

&nbsp;

ஏப்ரல் 24

என் அன்புக் கடுகுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அம்மா கேட்கச் சொன்ன கேள்வியைப் படித்ததும் பஸ் நேரம் விசாரித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். முதல் மூன்று தடவையும் கணவனாகப் படித்தேன். நாலாவது தடவை வேலைப் புத்தி வந்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இரண்டு கேன் பசும்பால், நாலு கேன் எருமைப்பால் என்று நீயே எழுதியிருக்கிறாய். மூடியில் எருமைப்பால் தயிர் என்று மட்டும் இருக்கிறது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு பசு. அன்றைக்கு எருமையை விட்டுவிட்டாய், இன்றைக்குப் பசுவை விட்டுவிட்டாய். பால்காரம்மாவின் மாடு ஒரு நாள் விசாரணைக்கு வந்து நிற்கப்போகிறது.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, இது விளையாட்டில்லை. ஒப்புதல் கொடுத்த மேலதிகாரி அம்மாளுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்த நான் சும்மா இருக்க முடியாது. திங்கட்கிழமை காலை அவருக்கு எழுதுவேன். அதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன். இந்தத் தடவை புத்தகத்தைத் திறந்து வைக்கவில்லை, வாயைத் திறந்து சொல்கிறேன்: மூடி தப்பு, கடுகு. மாற்றிவிடு.

வேறு யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து உன் கையால் சாப்பிட்டிருப்பேன். ஆனால் அந்த மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பிடத் தெரியாது. இதைப் படித்துவிட்டு நீ மறுபடியும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அதையும் நான் தாங்கித்தான் ஆக வேண்டும்.

விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளை காலை உன் கையில் இருக்கும்.

உன் கணவன்

&nbsp;

ஏப்ரல் 25

என் அன்புள்ள உங்களுக்கு,

காலை பத்து மணிக்கு உங்கள் கடிதம் வந்தது. கொட்டகையில் நின்றபடியே உரக்கப் படித்தேன். மெஷின் அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். பால்காரம்மா காலி கேன் எடுக்க வந்தவர், தன் மாட்டுக்கு இப்படி ஒரு துரோகம் நடந்தது தெரியாமல் போயிற்றே என்று இடுப்பில் கை வைத்தார். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கும் வரை சிரித்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அதற்குப் பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது.

என் மேல் கோபமா என்று பயந்திருப்பீர்கள். இல்லை. ஒன்றும் இல்லாத ஊரில், ஒற்றை அறையில், வீட்டுக்கு வர ஆசையோடு உட்கார்ந்துகொண்டு, வர முடியாமல் போனாலும் போகட்டும் என்று எனக்கு முதலில் சொன்னீர்களே. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மார்ச் மாதத்திலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

உடனே விற்பனையை நிறுத்தினேன். பதினொன்றரைக்கு உங்கள் மேலதிகாரி அம்மாள் முன்னால் போய் நின்றேன். மறுபடியும் இலக்கணமா என்றார். இல்லை, கணக்கில் தப்பு என்று உண்மையைச் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் காட்டினேன். முழுசாகப் படித்தார். திங்கட்கிழமை உங்கள் கடிதம் வரும்போது அதைக் கோப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூடியை அழிக்க வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் போதும் என்று எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார். 'மூன்றில் இரண்டு பங்கு எருமைப்பால், மூன்றில் ஒரு பங்கு பசும்பால்' என்று அச்சகக்காரர் மாலைக்குள் அடித்துக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் இப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

இரண்டாயிரத்து அறுநூறு மூடி. நானும் மெஷின் அக்காவும் ஒட்டுகிறோம். எருமைக்காரரும் மனைவியும் வந்துவிட்டார்கள், பால்காரம்மா தன் மாட்டின் மானத்தைக் காப்பாற்ற முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறார். அத்தை கோணல் பார்க்கிறார். இந்த வேகத்தில் போனால் நாளை மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முடியவிடவில்லை. எண்ணூறு மூடியை எடுத்துத் தனியாக ஒரு கூடையில் போட்டு நம் அறையில் வைத்திருக்கிறேன். யாரையும் தொட விடவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள், நாம் இரண்டு பேரும் ஒட்டலாம்.

உங்கள் மனைவி